இன்னொரு இயங்குதளம்

வாரம் 1: மெனுவில் ஒரு வரி

2006 நவம்பர் 11. ஜப்பானில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 விற்பனைக்கு வந்த நாள். வாங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வட்டைத்தான் முதலில் செருகியிருப்பார்கள். வட்டை ஓரமாக வைத்துவிட்டு, அமைப்புகளுக்கான மெனுவில் வரி வரியாக இறங்கிப் பார்த்த சிலருக்கு மட்டும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 'இன்னொரு இயங்குதளத்தை நிறுவுக' என்றது ஒரு வரி.

அந்த வரியின் கனம் புரிய வேண்டுமானால் ஐந்தாண்டுகள் பின்னே போக வேண்டும்.

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டது. உள்ளே இருந்தது 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசஸர், 64 மெகாபைட் நினைவகம், 8 ஜிகாபைட் வன்தட்டு. அதாவது, அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரேதான். ஆனால் மைக்ரோசாஃப்டின் முத்திரை பெற்ற நிரலைத் தவிர வேறெதையும் ஓட்ட மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. காசு கொடுத்து வாங்கியவருக்கே உள்ளே நுழைய அனுமதி இல்லை. எம்ஐடியில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங் அதன் மின்பலகையில் சிப்புகளுக்கிடையே ஓடும் கம்பித் தடங்களில் தன் கருவியைப் பொருத்தி, ரகசியச் சாவி கடந்துபோகும் நொடியில் அதைப் படித்துவிட்டார். எக்ஸ்பாக்ஸில் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிக்காட்டுவோருக்கு 2 லட்சம் டாலர் பரிசு என்று 2002இல் ஒருவர் பெயர் சொல்லாமல் அறிவித்தார். லிண்டோஸ் நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ராபர்ட்சன்தான் அவர் என்பது பிறகு வெளியே வந்தது. 2003இல் ஒரு ஜேம்ஸ்பாண்ட் விளையாட்டின் சேமிப்புக் கோப்பைப் படிக்கும் இடத்தில் ஓர் ஓட்டை அகப்பட்டது. திருப்புளியைத் தொடாமலே லினக்ஸ் உள்ளே போயிற்று.

மைக்ரோசாஃப்டிடம் இப்படிப் போராடிப் பெற வேண்டியிருந்ததைச் சோனி தானே விற்றது. 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு லினக்ஸ் தொகுப்பு ஒன்று மேற்கு நாடுகளில் வெளியானது. 40 ஜிகாபைட் வன்தட்டு, விசைப்பலகை, மவுஸ், வலையிணைப்புக் கருவி எல்லாம் ஒரே பெட்டியில். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த தேசிய மீக்கணினி மையம் சுமார் 70 பிளேஸ்டேஷன் 2 கருவிகளைப் பிணைத்து, ஒரே கணினியாக வேலை வாங்கிப் பார்த்தது.

அந்தத் தொகுப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 3இலோ பெட்டிக்குள்ளேயே, மெனுவிலேயே, இலவசமாக! விற்ற நிறுவனமே வாசலைத் திறந்து வைத்திருந்தது.

நிறுவுவதும் எளிது. வன்தட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். லினக்ஸுக்கு 10 ஜிகாபைட் கொடுத்து மிச்சத்தை விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது விளையாட்டுக்கு 10 வைத்துவிட்டு மிச்சத்தை லினக்ஸுக்குக் கொடுக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. துவக்கி நிரலை யூஎஸ்பி குச்சியில் போட்டு, குறிப்பிட்ட பெயருள்ள கோப்புறையில் வைத்தால் கருவி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு லினக்ஸ் வட்டு. அமெரிக்காவின் கொலராடோவில் இருந்த டெரா சாஃப்ட் என்ற சிறு நிறுவனம், கருவி அமெரிக்காவுக்கு வந்த அதே மாதத்தில் யெல்லோ டாக் லினக்ஸ் 5ஐத் தயாராக வைத்திருந்தது. ஃபெடோராவும் உபுண்டுவும் பின்னாலேயே வந்தன. மறுமுறை இயக்கும்போது திரையின் மேல் மூலையில் இரண்டு பெங்குவின்கள் தோன்றும். லினக்ஸ் கெர்னல் தன் கண்ணில் படும் ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு பெங்குவின் காட்டும். இதன் மைய பிராசஸர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைத்தொடர்களை ஓட்டக்கூடியது என்பதால் இரண்டு.

சரி, மேசைக் கணினியாக அது எப்படி உழைத்தது?

திணறியது. 256 மெகாபைட் நினைவகத்தில் ஒரு பகுதியை ஹைப்பர்வைசர் என்ற காவல்நிரல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஃபயர்ஃபாக்ஸையும் ஓப்பன் ஆஃபீஸையும் சேர்த்துத் திறந்தால் வன்தட்டு விடாமல் உறுமும். என்விடியா தயாரித்த அருமையான கிராஃபிக்ஸ் சிப் உள்ளே இருந்தும் காவல்நிரல் லினக்ஸை அதன் அருகில் விடவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் மைய பிராசஸரே வரைந்தாக வேண்டும். பிறகு ஒருவருக்கு நல்ல யோசனை பிறந்தது: வரைய விடாவிட்டால் போகிறது, அந்தச் சிப்பின் 256 மெகாபைட் நினைவகம் சும்மாதானே கிடக்கிறது, அதை லினக்ஸின் கூடுதல் நினைவகமாக மாற்றினால் என்ன? அதற்கான நிரல் 2009இல் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. இருப்பதை வைத்து ஒப்பேற்றும் இந்தத் திறமைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் சித்தூர், திருப்பதிப் பக்கம் பிளேஸ்டேஷன் 3 அபூர்வப் பொருள். 2007இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 40,000 ரூபாய். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி வாங்கிச் சேர்த்தால் அதில் பாதி விலைக்கே ஓர் உருப்படியான கம்ப்யூட்டர் கிடைத்த காலம். மணிக்கணக்கில் காசு வாங்கும் கேம் பார்லர்களில் பிளேஸ்டேஷன் 2தான் ஓடிக்கொண்டிருந்தது. பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்கள் வீட்டிலும் பழைய குழாய்த் தொலைக்காட்சியே இருந்தால், மஞ்சள் நிற ஏவி ஒயர் வழியாக வரும் படத்தில் லினக்ஸின் சின்ன எழுத்துகள் கலங்கித் தெரியும். எச்டிஎம்ஐ உள்ள தட்டைத் திரை வேண்டும்.

ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சித்தூர் 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதியை எடுத்து உருவான மாவட்டம். அப்பாவோடு தெலுங்கு, பாட்டியோடு தமிழ் என்று பேசும் வீடுகள் இங்கே ஏராளம். பிளேஸ்டேஷன் 3இன் மெனு ஜப்பானியம், பிரெஞ்சு, ஃபின்னிஷ் எல்லாம் பேசியது. தமிழோ தெலுங்கோ அதற்குத் தெரியாது. இன்னொரு இயங்குதளமாக ஃபெடோராவை நிறுவினால், ரெட் ஹேட் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களில் தமிழும் தெலுங்கும் அதே திரையில் வந்துவிடும். சென்னையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கரின் பொறுப்பில் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். 55 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட ஃபின்லாந்தின் மொழிக்கு மெனுவில் இடம் உண்டு, கோடிக்கணக்கானோர் பேசும் நம் இரு மொழிகளுக்கும் இல்லை என்றால், அந்த ஒரு வரி வழியாகத்தான் அவை அந்தப் பெட்டிக்குள் போக முடிந்தது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

திணறிய இந்த மேசைக் கணினிக்குள் லினக்ஸுக்காகத் திறந்துவிடப்பட்ட ஆறு குட்டி பிராசஸர்கள் வேலையின்றிக் காத்திருந்தன. ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் அவற்றைப் பயன்படுத்தத் தெரியாது. அவற்றை வேலைவாங்கும் வித்தையைத் தேடியவர்களில் ஒரு கூட்டம், திருப்பதியிலிருந்து மதனபள்ளி, கதிரி வழியாக அரைநாள் பயணத்தில் எட்டிவிடக்கூடிய ஓர் ஆசிரம ஊரில் உட்கார்ந்திருந்தது.

(தொடரும்)

வாரம் 2: புட்டபர்த்தியிலிருந்து கருந்துளை வரை

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போகிறவர்கள் வழியில் காதங்கி என்ற ஊரைக் கடப்பார்கள். தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ராடார் அங்கே இருக்கிறது. கிண்ணம்போல் சுழலும் ராடார் என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் 32 வரிசை, வரிசைக்கு 32 என்று 1,024 யாகி ஆன்டெனாக்கள் நடப்பட்டிருக்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்தில் செலுத்தி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியிலிருந்து மேலே காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று கணக்கிடுவார்கள். எதிரொலி காதில் விழுந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதன்மேல் கணக்கு, கணக்கின்மேல் கணக்கு. காற்றானாலும் மழையானாலும் நட்சத்திரமானாலும், இன்றைய அறிவியலில் யாரிடம் கணிக்கும் சக்தி இருக்கிறதோ அவர் கேட்கும் கேள்விதான் பெரிதாக இருக்கும். அந்தச் சக்தி அன்று கோடிகளில் விற்றது.

2001இல் சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் கைகோத்து வடிவமைக்கத் தொடங்கிய செல் என்ற சிப் இந்த விலையை உடைத்தது. நடுவில் ஒரு சாதாரண பிராசஸர். அதைச் சுற்றி, பெருக்கல் கூட்டலை மட்டும் மின்னல் வேகத்தில் செய்யும் எட்டு குட்டி பிராசஸர்கள். தயாரிப்பில் ஒன்று பழுதானாலும் சிப்பைத் தூக்கி எறியாதிருக்க, பிளேஸ்டேஷன் 3இல் ஒன்றை அணைத்தே வைத்தார்கள். இன்னொன்றைக் காவல்நிரல் தனக்கென்று வைத்துக்கொண்டது. மிச்சம் ஆறு. 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இந்த ஆறும் சேர்ந்தால், உச்ச வேகத்தில் நொடிக்கு 15,000 கோடிக்கும் மேற்பட்ட ஒற்றைத் துல்லியக் கணக்குகள்.

அந்தச் சக்தியை எடுக்கத்தான் ஆளில்லை. ஒவ்வொரு குட்டி பிராசஸருக்கும் சொந்த நினைவகம் 256 கிலோபைட் மட்டுமே. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. நிரலும் தரவும் அதற்குள் இருக்க வேண்டும். முதன்மை நினைவகத்திலிருந்து எதை, எப்போது உள்ளே இழுப்பது, எப்போது வெளியே தள்ளுவது என்று நிரல் எழுதுபவர்தான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். நல்ல நிரலாளர்களே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். உலகெங்கும் அறிவியலார் பல கணினிகளைச் சேர்த்து ஓட்ட ஏற்கெனவே எழுதிக் குவித்திருந்த நிரல்கள் எல்லாம், கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் எம்பிஐ என்ற பொதுமுறையில் இருந்தன. அவற்றைச் செல்லுக்காகத் திருத்தி எழுதுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை.

இங்கேதான் அந்த ஆசிரம ஊரான புட்டபர்த்தி வருகிறது. பிரசாந்தி நிலையத்தில் இருக்கும் சத்ய சாயி பல்கலைக்கழகத்தின் கணிதம், கணினி அறிவியல் துறை. பேராசிரியர்கள் பல்லவ் குமார் பரூவா, ரகுநாத சர்மா, அவர்களுடைய மாணவர்கள், அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து அசோக் சீனிவாசன், ஐபிஎம்மிலிருந்து சக்தி கபூர். இவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: நிரல்களை ஏன் மாற்ற வேண்டும்? ஒவ்வொரு குட்டி பிராசஸரையும் தனி ஒரு கணினியாகவே பாவித்து, ஒரே சிப்புக்குள் எம்பிஐயை ஓட்டினால் என்ன? தரவை முதன்மை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, 256 கிலோபைட்டுக்குள் தேவையானதை மட்டும் கொண்டுவந்தால் போதுமே! ஐபிஎம்மின் செல் பிளேடு சர்வரில் ஓட்டிச் சோதித்தார்கள். முதல் கட்டுரை 2007 மே மாதம் பெய்ஜிங் மாநாட்டில் வந்தது. ஆண்டு இறுதியில் கோவாவில் நடந்த உயர்திறன் கணிப்பு மாநாட்டில் இன்னொன்று.

ராயலசீமாவின் வறண்ட பூமியில் ஒரு சிறிய வளாகம். மாணவர்கள் பெயர்களே கட்டுரையின் முதல் வரிசையில். அந்த ஆண்டு உலகின் பெரிய கணிப்பு மையங்கள் முட்டிக்கொண்டிருந்த அதே கேள்வியில், அதே நேரத்தில் இவர்களும். நம் பத்திரிகைகளில் இது அப்போதே முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்கு ஆதங்கம்.

ஐபிஎம்மின் பிளேடு எல்லோருக்கும் கிடைக்காது. பிளேஸ்டேஷனோ கடையில் கிடைக்கும். அங்கேதான் கௌரவ் கன்னா என்ற இந்திய வம்சாவளி இயற்பியலாளர் நுழைகிறார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் அவர் கருந்துளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சூரியனைப்போல் லட்சக்கணக்கான மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளைக்குள் சின்ன நட்சத்திரமொன்று சுழன்று சுழன்று விழும்போது, வெளியில் எத்தகைய ஈர்ப்பலை பரவும்? இதுதான் அவருடைய கணக்கு. மீக்கணினி மையத்தில் ஒருமுறை ஓட்டிப்பார்க்கவே சுமார் 5,000 டாலர் செலவு. எட்டு பிளேஸ்டேஷன்களின் விலை அதைவிடக் குறைவு.

2007இல் எட்டையும் அடுக்கி, லினக்ஸ் நிறுவி, சாதாரண வலை ஒயரால் இணைத்தார். நான்கைச் சோனியே நன்கொடையாகக் கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் தேவைப்படும். மீக்கணினியின் 200 கணுக்கள் செய்த வேலைக்கு நிகராக அந்த எட்டும் உழைத்தன. ஈர்ப்பலையை மனிதர்கள் முதன்முதலில் நேரடியாகப் பதிவு செய்தது 2015 செப்டம்பர் 14 அன்று. அதற்கு எட்டாண்டுகள் முன்பே விளையாட்டுப் பெட்டிகள் அந்த அலையின் வடிவத்தை வரையத் தொடங்கியிருந்தன.

பிறகு கதை வேகம் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அர்யென் லென்ஸ்ட்ராவின் ஆய்வகம் 200 பிளேஸ்டேஷன்களை அடுக்கியது. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த வருடாந்திர மாநாடு ஒன்றில் ஒரு பன்னாட்டுக் குழு மேடையேறி, அந்த 200 பெட்டிகளின் உதவியால் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றைப் போலியாகத் தயாரித்துவிட்டதாக அறிவித்தது. எம்டி5 என்ற பழைய கையொப்ப முறை இனி உதவாது என்று உலகுக்கு நிரூபிப்பதே நோக்கம். சான்றிதழ் நிறுவனங்கள் உடனே அதைக் கைவிட்டன. அதே 2008இல், செல் சிப்பின் மேம்பட்ட வடிவத்தை வைத்து ஐபிஎம் கட்டிய ரோட்ரன்னர் மீக்கணினி, நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடிக் கணக்குகள் என்ற எல்லையை உலகில் முதலாவதாகத் தாண்டியது. அமெரிக்க விமானப்படை நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் 1,760 பிளேஸ்டேஷன்களைக் கொண்ட மீக்கணினிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பெயர் காண்டர். செலவு சுமார் 20 லட்சம் டாலர். அந்த வேகத்துக்கு அது மலிவோ மலிவு.

இதில் சோனிக்கு என்ன லாபம்? கணக்குப் பார்ப்போம். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் 2006இல் பெட்டியைக் கழற்றிப் போட்டு விலை மதிப்பிட்டது. 60 ஜிகாபைட் கருவியைத் தயாரிக்க 840 டாலர். விற்றதோ 599க்கு. நஷ்டத்தை விளையாட்டு வட்டுகளின் விற்பனையில் ஈடுகட்டுவதுதான் திட்டம். கருந்துளையை ஆராய்பவர் வட்டு வாங்க மாட்டார். 2009 ஆகஸ்டில் சோனி மெலிந்த வடிவில் புதிய பிளேஸ்டேஷன் 3ஐ அறிவித்தபோது, அந்த ஒரு வரி அதன் மெனுவில் இல்லை. பழைய கருவிகளில் மட்டும் இருந்தது.

இருக்கும்வரை பழுதில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த வேளையில், 2010 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் ஒருவர் தன் பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸை இயக்கினார். கையில் ஒரு பொத்தான். பொத்தானிலிருந்து ஒரு ஒயர், பெட்டியின் நினைவகத் தடத்துக்குள் நேராக இறங்கியிருந்தது.

(தொடரும்)

வாரம் 3: ஏப்ரல் 1

அந்த இளைஞர் ஜார்ஜ் ஹாட்ஸ். ஐஃபோன் வெளிவந்த 2007ஆம் ஆண்டிலேயே அதைக் குறிப்பிட்ட தொலைபேசி நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுவித்துப் பெயர் வாங்கியவர். இப்போது அவர் குறிவைத்தது காவல்நிரலை.

அவர் செய்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லாமே இதிலிருந்துதான் தொடங்கியது. லினக்ஸுக்குள்ளிருந்து காவல்நிரலிடம் நினைவகம் கேட்பார். அது கொடுக்கும். உடனே திருப்பிக் கொடுப்பார். காவல்நிரல் தன் பதிவேட்டில் 'திரும்ப வந்தது' என்று எழுதும். அப்படி எழுதும் கணத்தில் பொத்தானை அழுத்துவார். 40 நானோநொடி நீளும் ஒரு மின்துடிப்பு நினைவகத் தடத்தில் பாய்ந்து அந்த எழுத்தைக் கெடுக்கும். காவல்நிரலின் பார்வையில் இடம் திரும்பிவிட்டது. உண்மையில் சாவி இன்னும் லினக்ஸ் கையில். அந்த இடத்தில் காவல்நிரல் தன் சொந்தப் பதிவேடுகளை வைக்கும்வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும். வைத்ததும் ஆட்டம் முடிந்தது. காவல்நிரலின் நினைவகம் முழுவதும் திறந்துவிடும்.

இதனால் விளையாட்டு வட்டை யாரும் திருட்டுத்தனமாக நகலெடுத்துவிடவில்லை. சாதாரண மனிதர் வீட்டில் செய்யக்கூடிய வேலையும் இல்லை. ஆனால் நுழைந்த வழி லினக்ஸ். சோனிக்கு அது போதுமானதாக இருந்தது.

2010 மார்ச் 28 அன்று அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 1 அன்று வெளியாகும் 3.21 புதுப்பிப்பில் இன்னொரு இயங்குதளத்தை நிறுவும் வசதி நீக்கப்படும், காரணம் பாதுகாப்பு. முட்டாள்கள் தின வேடிக்கை என்று சிலர் முதலில் நினைத்தார்கள். இல்லை. புதுப்பிக்கலாம், லினக்ஸ் போய்விடும். புதுப்பிக்காமலும் இருக்கலாம், ஆனால் இணையத்தில் விளையாட முடியாது, கடையில் வாங்கிய புதிய விளையாட்டுகள் பலவும் ஓடாது. விற்கும்போது இரண்டும் உண்டு என்று சொன்ன பெட்டி, வாங்கிய மூன்றாம் நான்காம் ஆண்டில் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னது.

இதில் என் நிலை தெளிவானது. விற்ற பொருளிலிருந்து ஒரு பாகத்தை, வாங்கியவர் வீட்டுக்குள் வந்து, இணைய ஒயர் வழியாகப் பிடுங்கிக்கொள்ளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இருக்கக்கூடாது. ஏழைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளருக்கும், மெனுவில் இல்லாத மொழியைப் பேசுகிறவருக்கும் அந்தப் பாகம்தான் பெட்டியே.

கன்னாவின் கருவிகள் தப்பின. அவை விளையாட்டு வலையில் சேர வேண்டிய அவசியமே இல்லை, எனவே புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். நான்கு கருவிகளை இலவசமாகக் கொடுத்த கையே வாசலை மூடியதும் நடந்துவிட்டது. விமானப்படைக்கும் அதே நிலைமை. இருப்பவை ஓடும், பழுதானால் மாற்றுக் கருவி கிடைப்பது கடினம். அந்த ஆண்டு இறுதியில் காண்டர் செயல்பாட்டுக்கு வந்தபோது, அதே திறனுள்ள புதிய பெட்டியைக் கடையில் வாங்கும் வழி அடைபட்டிருந்தது. பிறகு விமானப்படை தன் கருவிகளில் சிலவற்றைக் கன்னாவுக்கே கொடுத்தது. 2014 வாக்கில் அவர் ஏறக்குறைய 400 பிளேஸ்டேஷன்களை, நம் நெடுஞ்சாலையில் பாலும் காய்கறியும் ஏற்றிப் போகிறதே, அந்த ரகக் குளிர்பதனக் கொள்கலன் ஒன்றில் அடுக்கிக் கருந்துளைக் கணக்கைத் தொடர்ந்தார்.

ஏப்ரல் மாதம் முடிவதற்குள் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு ஊர்ந்தது. இன்னொரு பக்கம், வழக்கை நம்பாத சிலர் வேலையில் இறங்கியிருந்தார்கள்.

2010 டிசம்பர் 29, பெர்லின். லென்ஸ்ட்ராவின் 200 பெட்டிகளைப் பற்றி அறிவித்த அதே வருடாந்திர மாநாட்டின் மேடை. ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு ஏறியது. அவர்களுடைய முதல் வாதமே அரங்கத்தை நிமிர வைத்தது. மற்ற விளையாட்டுக் கருவிகள் எல்லாம் வந்த கொஞ்ச காலத்திலேயே உடைக்கப்பட்டன. பிளேஸ்டேஷன் 3 மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது? லினக்ஸ் திறந்திருந்ததால்தான்! உடைக்கும் திறமை உள்ளவர்களில் பலருக்கு வேண்டியது லினக்ஸ். அது கிடைத்துக்கொண்டிருந்தவரை அவர்களுக்கு உடைக்கக் காரணம் இல்லை. சோனி அதை எடுத்தது, ஓராண்டுக்குள் கதை முடிந்தது.

பிறகு திரையில் கணக்கு வந்தது. சோனி தன் நிரல்களில் கையொப்பமிட நீள்வட்ட வளைவரை முறையைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக, யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை எடுக்க வேண்டும் என்பது அந்த முறையின் உயிர்நாடி. சோனி எல்லாக் கையொப்பத்துக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. விளைவு? இரண்டு கையொப்பங்களை எடுத்தால் இரண்டு சமன்பாடுகள். தெரியாதவை இரண்டு: அந்த எண், ரகசியச் சாவி. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எண் வந்துவிடும். எண்ணை வைத்துச் சாவியும் வந்துவிடும். திருப்பதியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தேர்வில் போடும் இரட்டைச் சமன்பாடு. கோடிக்கணக்கான டாலர் செலவில் கட்டிய கோட்டையின் சாவி அதில் விழுந்தது.

சில நாட்களில் ஹாட்ஸ் தலைமைச் சாவி ஒன்றை வெளியிட்டார். 2011 ஜனவரி 11 அன்று சோனி அவர்மேலும் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவினர்மேலும் வழக்குத் தொடுத்தது. இனிச் சோனி பொருள்களில் கைவைப்பதில்லை என்ற உடன்பாட்டோடு ஏப்ரலில் ஹாட்ஸின் வழக்கு முடிந்தது. அடைத்த வாசலை மறுபடி திறக்கும் நிரல்களை வேறு சிலர் எழுதினார்கள்.

கலிஃபோர்னிய வழக்கு எட்டாண்டு இழுத்தது. 2011இல் தள்ளுபடி. 2014இல் மேல்முறையீட்டில் உயிர் பெற்றது. 2016இல் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு ஆளுக்கு 55 டாலர் என்று ஒரு சமரசம். மறு ஆண்டு நீதிபதி அதை ஏற்க மறுத்தார். 2018இல் சோனி 37.5 லட்சம் டாலர் ஒதுக்குவதாகப் புதிய சமரசம், ஆளுக்கு அதிகபட்சம் 65 டாலர். ஆய்வுக்கு அந்த வாசல் எவ்வளவு பெறும் என்று எந்த நீதிமன்றமும் கணக்கிடவில்லை.

சோனி மெனுவிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டது. லினக்ஸ் கெர்னலிலிருந்து எடுக்க முடியவில்லை. பிளேஸ்டேஷன் 3க்கான பகுதியைக் கெர்னலில் சேர்த்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் சோனியிலேயே பணியாற்றிய ஜெஃப் லெவாண்ட். ஜிபிஎல் உரிமத்தில் ஒருமுறை கொடுத்த நிரல் கொடுத்ததுதான். வசதி நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கெர்னலின் மூலநிரலில், பவர்பிசி பகுதிக்குள் பிளேஸ்டேஷன் 3க்கென்று ஒரு கோப்புறை தொடர்ந்து இருந்து வருகிறது. பராமரிப்பாளர் பட்டியலில் லெவாண்டின் பெயர்.

2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தது. இன்னொரு இயங்குதளத்துக்கு அதில் வழியே இல்லை. அதன் சொந்த இயங்குதளம் எதன்மேல் கட்டப்பட்டது என்று ஆராய்ந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்: ஃப்ரீபிஎஸ்டி. உலகெங்கும் தன்னார்வலர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த கட்டற்ற இயங்குதளம். அது ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே பூட்டப்பட்டிருந்தது.

2015 டிசம்பர், ஹாம்பர்க். அதே மாநாடு ஊர் மாறியிருந்தது. ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு மறுபடி வந்தது, இம்முறை கையில் ஒரு பிளேஸ்டேஷன் 4.

(தொடரும்)